கடல்மேல் முதுமை: உல்லாசக் கப்பல் ஓய்வுகால உறைவிடமான வரலாறு

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், நிலத்திலிருந்த வீட்டை விற்றுவிட்டோ வாடகைக்கு விட்டுவிட்டோ, உல்லாசக் கப்பலொன்றின் அறையிலேயே ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும் வழக்கம் அமெரிக்க நாட்டு மூத்தோர் சிலரிடையே இன்று வேரூன்றியிருக்கிறது. இதைச் செல்வர்களின் விசித்திர விருப்பமென்று ஒதுக்குவோரும் உண்டு. முதியோர் இல்லத்தைக் காட்டிலும் கப்பல் அதிகச் செலவு பிடிப்பதில்லை என்று கணக்குக் காட்டிப் போற்றுவோரும் உண்டு. இவ்விரு அபிப்பிராயங்களும், இவ்வழக்கம் எக்காரணங்களால் தோன்றி எப்படி உருமாறியது என்னும் வினாவைத் தொடாமலே விடுகின்றன. கப்பற் போக்குவரத்தின் சரிவு, பென்ஷன் முறையின் பரவல், முதியோர் பராமரிப்புச் செலவின் உயர்வு ஆகிய மூன்று தனித்தனி வரலாறுகள் ஒன்றுகூடிய இடத்திலேயே இது பிறந்தது என்பதும், அதன் பிறகு கப்பலில் குடியிருப்பவருடைய உரிமை படிப்படியாக மாறிவந்திருக்க, அவர் தளர்ந்து விழும் நாளில் தாங்கும் கடமை மட்டும் யாரிடமும் உறுதியாகச் சென்று சேரவில்லை என்பதும் இக்கட்டுரையில் நிறுவப்படும்.

1. ஒரே மாதத்தில் இரு தொடக்கங்கள்

ஓரிடத்தைச் சென்றடைவதற்காகவன்றிக் கப்பலில் இருப்பதற்காகவே கப்பலேறலாம் என்னும் எண்ணம், செயலாவதற்கு முன்பு வேடிக்கையாகவே தோன்றியது. பின்னாளில் பி அண்டு ஓ எனப் பெயர் பெற்ற கம்பெனியை நிறுவியவர்களுள் ஒருவரான ஆர்தர் ஆண்டர்சன், 1835 ஆம் ஆண்டில் தாம் தொடங்கிய ஷெட்லாந்து பத்திரிகையின் முதல் இதழில், ஐஸ்லாந்துக்கும் பாரோ தீவுகளுக்கும் சென்றுவரும் உல்லாசப் பிரயாணமொன்றை விளம்பரம் செய்தார்; அப்படியொரு கப்பலும் இல்லை, பிரயாணமும் இல்லை. 1844 இல் அவருடைய கம்பெனி மத்தியதரைக் கடல் பிரயாணங்களை மெய்யாகவே நடத்தத் தொடங்கியபோது, நாவலாசிரியர் தாக்கரே இலவசச் சீட்டில் கெய்ரோ வரை சென்று திரும்பி, அந்த அனுபவத்தை ஒரு நூலாக எழுதிக் கைம்மாறு செய்தார். எனினும் இவை கடிதப் போக்குவரத்துக்காக ஓடிய கப்பல்களின் உபதொழிலாகவே இருந்தன.

உல்லாசமே தொழிலாக மாறியது ஜெர்மனியில். ஹாம்பர்க்–அமெரிக்கா கம்பெனியின் தலைவர்களுள் ஒருவரான ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடப்போர் குறைந்து பெருங்கப்பல்கள் வீணே கிடப்பதைக் கண்டு மனம் பொறாதவராய், 1891 ஜனவரி 22 ஆம் நாள் ‘ஆகுஸ்டா விக்டோரியா’ என்னும் கப்பலை 241 பிரயாணிகளுடன் மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார். அதே ஜெர்மனியில், அதே 1891 ஜனவரியில், பிஸ்மார்க்கின் ஆட்சியில் 1889 இல் நிறைவேறிய முதுமைக் காப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 70 வயதை எட்டிய தொழிலாளருக்கு அரசாங்கச் சட்டத்தின்படி பென்ஷன் பெறும் உரிமையை அளித்தது. அந்தப் பென்ஷனைப் பெற்ற கிழவருக்கும் அந்தக் கப்பலில் விருந்துண்ட செல்வருக்கும் அன்று யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆயினும், வேலையில்லாத கப்பலுக்கு வேலை தேடியதும் வேலை செய்ய இயலாத முதியவருக்கு ஜீவனம் தேடியதும் ஆகிய இவ்விரு முயற்சிகளின் வாரிசுகள் ஒரு நூற்றாண்டு கழித்து ஒரே அறையில் குடிபுகப் போகின்றன என்பதை எண்ணும்போது, அந்த மாதத்தை இவ்வாய்வின் தொடக்கமாகக் கொள்வது பொருத்தமே.

பென்ஷன் விரைவாகப் பரவியது. பிரிட்டனில் 1908 ஆம் ஆண்டுச் சட்டம் 70 வயதினருக்கு வாரம் 5 ஷில்லிங் வரை வழங்கிற்று. ஜெர்மனி 1916 இல் வயதெல்லையை 65 ஆகக் குறைத்தது. அமெரிக்காவில் 1935 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அதே 65 வயதை ஏற்றுக்கொண்டது. உழைப்புக்கும் மரணத்துக்கும் இடையே ஊதியத்தோடு கூடிய ஓய்வுப் பருவமொன்று உண்டு என்னும் கருத்தைச் சாமானியருக்கும் உரியதாக்கியவை இச்சட்டங்களே.

2. கொடியும் கூலியும்

கப்பல் வாழ்வின் செலவு கட்டுப்படியாவதற்குரிய அடிப்படை, மதுவிலக்கின் பக்க விளைவாக அமைந்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்த 1922 ஆம் ஆண்டில், ‘ரிலையன்ஸ்’, ‘ரெசல்யூட்’ என்னும் இரு கப்பல்களை அவற்றின் அமெரிக்க உரிமையாளர், பிரயாணிகளுக்குத் தடையின்றி மது பரிமாறும் பொருட்டுப் பனாமா நாட்டின் கொடிக்கு மாற்றிப் பதிவு செய்தனர். எந்த நாட்டுக் கொடி பறக்கிறதோ அந்த நாட்டுச் சட்டமே கப்பலை ஆளும் என்பது பழைய கடல் நியாயம். உரிமையாளர் தமக்கு அனுகூலமான கொடியைத் தாமே தெரிந்தெடுக்கலாம் என்னும் நவீன வழக்கத்துக்கு அக்கப்பல்கள் முன்மாதிரியாயின. மதுவிலக்கு 1933 இல் ஒழிந்தது. கொடி மாற்றும் வழக்கம் ஒழியவில்லை. அமெரிக்கப் பிரயாணிகளை ஏற்றும் உல்லாசக் கப்பல்களுள் பெரும்பாலானவை இன்றும் பஹாமாஸ், பனாமா முதலிய நாடுகளின் கொடியையே தாங்குகின்றன. அமெரிக்கச் சம்பளச் சட்டம் எட்டாத அத்தளங்களில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் ஊழியம் புரிகின்றனர். 2013 இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை கூட, 24 மணி நேரத்தில் 14 மணி வரையிலும் ஒரு வாரத்தில் 72 மணி வரையிலும் வேலை வாங்க இடமளிக்கிறது. நாள்தோறும் படுக்கை விரித்து, மூன்று வேளை உணவு படைத்து, பெயர் சொல்லி நலம் விசாரிக்கும் பணிவிடை, நிலத்தில் அதே விலைக்குக் கிடைக்காமைக்கு முதற்காரணம் இதுவே.

3. விருந்தினராய்க் குடியிருந்தோர்

1922–23 இல் கூனார்டு கம்பெனியின் ‘லகோனியா’ உலகைச் சுற்றி வந்ததிலிருந்து, மாதக்கணக்கில் கப்பலில் தங்கும் பிரயாணம் செல்வரிடையே வழக்கமாயிற்று. அதற்கென்றே இயங்கிய கப்பல்களுள் புகழ் பெற்றது, 1949 இல் முதற் பிரயாணம் செய்த ‘கரோனியா’. இளம்பச்சை நிறத்தால் ‘பச்சை தேவதை’ என்று செல்லப் பெயர் பெற்ற அக்கப்பலில், செல்வம் மிக்க அமெரிக்கப் பெண்மணி ஒருவர் ஏறக்குறைய 14 ஆண்டுகள் வாழ்ந்தார் என்று கூனார்டு வரலாறுகள் கூறுகின்றன.

இத்தகைய தனிமனிதர்களை வரலாற்றின் போக்கோடு சேர்த்தது ஜெட் விமானம். 1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கின. ஒருசில ஆண்டுகளிலேயே பெருங்கப்பல்கள் போக்குவரத்துச் சாதனமென்னும் தகுதியை இழந்தன. கப்பலுக்கு எஞ்சியது உல்லாசம் ஒன்றே. 1966 டிசம்பரில் நட் குளோஸ்டரும் டெட் அரிசனும் கூடி ‘சன்வார்டு’ என்னும் கப்பலை மயாமியிலிருந்து கரிபியன் கடலுக்குச் செலுத்தியது முதலாக, ஆண்டு முழுவதும் வெயில் காயும் கடலில் வட்டமிட்டு, புறப்பட்ட துறைக்கே திரும்பும் கப்பல்கள் பெருகின. அத்துறை அமைந்த புளோரிடாவோ அமெரிக்காவில் ஓய்வு பெற்றோர் குளிருக்கு அஞ்சிக் குடியேறும் மாநிலம். மலிவான கப்பலும், நேரம் மிகுந்த பென்ஷன்தாரரும் இவ்வாறு அண்டை வீட்டாராயினர்.

இக்காலத்தில் நெடுநாள் தங்கியோர் அனைவரும் சட்டப்படி விருந்தினரே. ‘குயின் எலிசபெத் 2’ என்னும் கப்பலில் அமெரிக்க விதவை ஒருவர் 2000 ஆம் ஆண்டு தொடங்கித் தொடர்ச்சியாகச் சீட்டு வாங்கிக் குடியிருந்தார். 2007 இல் துபாய்க்கு விற்கப்பட்ட கப்பல் 2008 இல் சேவையிலிருந்து விலகியபோது, எட்டாண்டு வாசம் அவருக்கு எவ்வித உரிமையையும் அளிக்கவில்லை. வாடகைக்கு இருப்பவருக்குள்ள பாதுகாப்புக்கூடப் பிரயாணச் சீட்டு வைத்திருப்பவருக்கு இல்லை.

4. மருத்துவர் வகுத்த கணக்கு

இவ்வழக்கத்துக்கு ஆராய்ச்சியின் அங்கீகாரம் 2004 இல் கிடைத்தது. சிக்காகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ லிண்ட்குவிஸ்ட், ராபர்ட் கோலப் என்னும் மருத்துவர்கள், அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் ஆராய்ச்சிச் சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரையில், அன்றாட உதவி தரும் முதியோர் இல்லத்தில் 20 ஆண்டுகள் வாழ்வதற்கும் உல்லாசக் கப்பலில் 20 ஆண்டுகள் வாழ்வதற்கும் ஆகும் செலவை ஒப்பிட்டு, இரண்டும் சுமார் 2,30,000 டாலர் அளவில் ஏறத்தாழச் சமமே என்று காட்டினர். கப்பலில் இரவும் பகலும் மருத்துவர் உண்டு. உணவும் சலவையும் உண்டு. பேசிப் பழக மனிதர் உண்டு. எனவே விலை ஒன்றானால் வாழ்வு மேம்பட்டது கப்பலே என்பது அவர்கள் வாதம்.

அவ்வாதத்தின் பின்னணியில் அமெரிக்கப் பராமரிப்பு முறையின் குறைபாடு ஒன்று நிற்கிறது. 1965 இல் உருவான மெடிகேர் என்னும் முதியோர் மருத்துவக் காப்பு, நோய்க்குச் சிகிச்சை தருமேயன்றி, நோயின்றித் தளர்ந்தவரைக் குளிப்பாட்டி உடுத்தி உண்பிக்கும் நீண்டகாலப் பராமரிப்புக்குப் பணம் தராது. ஏழைகளுக்கான மெடிகெய்டு உதவியோ சேமிப்பெல்லாம் கரைந்த பிறகே கைகொடுக்கும். இடைப்பட்ட வர்க்கத்தினர் தம் வீட்டை விற்றே முதியோர் இல்லக் கட்டணம் கட்டவேண்டிய நிர்ப்பந்தத்தில், அதே பணத்துக்கு அலாஸ்காவையும் ஆதென்ஸையும் காணலாம் என்னும் பேச்சு செவிக்கு இனிமையாய் இருந்ததில் வியப்பில்லை.

ஆனால் அக்கட்டுரையின் ஆசிரியர்களே, அறிவுத் தெளிவு குன்றாதவராய், அன்றாடக் காரியங்களில் சிறிதளவு உதவி மட்டுமே வேண்டுபவராய் உள்ளவர்க்கே இம்முறை ஏற்றதென்று கருதினர். மெடிகேரும் கப்பலைப் பின்தொடர்வதில்லை: அமெரிக்கத் துறையிலிருந்து 6 மணி நேரத் தொலைவைக் கப்பல் தாண்டிவிட்டால், நெருக்கடியானாலும் அங்கே பெறும் சிகிச்சைக்கு அது பொறுப்பேற்பதில்லை. கப்பல் வைத்தியரின் தவறுக்குக் கம்பெனி பொறுப்பாகாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமொன்று 1988 இல் தீர்ப்பளித்தது. மயாமித் துறையை உள்ளடக்கிய பதினோராம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நியாயத்தை ஏற்க மறுத்து, கம்பெனிமீதும் வழக்குத் தொடுக்க இடமுண்டு என்று அறிவித்ததோ 2014 இல்தான்.

5. உரிமையாளரும் முன்பணம் கட்டியோரும்

விருந்தினர் நிலையின் பலவீனத்தைப் போக்க எழுந்ததே சொந்தமாக்கும் முயற்சி. குளோஸ்டர் குடும்பத்தின் அடுத்த தலைமுறையினர் எண்ணத்தில் உருவாகி, 2002 இல் ஆஸ்லோவிலிருந்து புறப்பட்ட ‘தி வேர்ல்டு’ என்னும் கப்பலில் குடியிருப்புகள் விற்பனைக்கு வைக்கப்பட்டன. மறு ஆண்டே குடியிருப்பாளர் ஒன்றுகூடிக் கப்பல் முழுவதையும் தமதாக்கிக்கொண்டனர். எத்துறைக்குச் செல்வது என்பதையும் அவர்களே தீர்மானிக்கின்றனர். உரிமைப் பிரச்சினைக்கு இது பூரணமான தீர்வே. ஆயினும் கோடீசுவரர்க்கு மட்டுமே எட்டிய தீர்வு.

2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்று இரு வகையினரையும் ஒருங்கே சோதித்தது. யோகோஹாமா துறையில் முடங்கிய ‘டயமண்ட் பிரின்செஸ்’ கப்பலில் இருந்த 3,711 பேருள் 712 பேரை நோய் பற்றியது; மூத்தோர் நிறைந்த கூட்டத்தை ஒரே காற்றிலும் ஒரே உணவுக்கூடத்திலும் அடைத்து வைப்பதன் அபாயம் உலகறியப் பிரத்தியட்சமாயிற்று. சொந்தக் கப்பலில் இருந்த ‘தி வேர்ல்டு’ வாசிகளும் அவ்வாண்டு இறங்கி நிலத்துக்குத் திரும்ப நேர்ந்தது.

தொற்று தணிந்தபின், நடுத்தர வர்க்கத்தாரை நாடி மூன்றாம் முறை ஒன்று தோன்றியது: முன்பணம் வாங்கிக் கப்பலை நிரப்புவது. 2023 இல் ‘லைப் அட் சீ’ என்னும் ஸ்தாபனம், ஆண்டுக்கு ஏறக்குறைய 30,000 டாலரில் தொடங்கும் கட்டணத்தில் மூன்றாண்டு உலகப் பிரயாணத்தை அறிவித்தது. அவர்கள் நாடிய கப்பலை வேறொரு கம்பெனி வாங்கிக்கொள்ள, புறப்பட வேண்டிய நவம்பர் மாதத்திலேயே திட்டம் கைவிடப்பட்டது. இதை நம்பி வீட்டை விற்றும் வாடகைக்கு விட்டும் வந்தவர்கள் இடைநடுவில் நின்றனர். அடுத்த ஆண்டு, அறைகளை நீண்டகால உரிமையாக விற்ற ‘வில்லா வீ ஒடிஸி’ என்னும் 1993 ஆம் ஆண்டுக் கப்பல், 2024 மே இறுதியில் பெல்பாஸ்டிலிருந்து கிளம்ப வேண்டியது, பழுதுபார்ப்பு நீண்டதால் நான்கு மாதம் தாமதித்தே புறப்பட்டது. ஆயினும் புறப்பட்டது; முன்பணம் கட்டியோரின் முறை ஏட்டளவில் நின்றுவிடவில்லை.

6. ஆய்வின் முடிவு

விருந்தினர், உரிமையாளர், முன்பணம் கட்டியவர் என்னும் மூன்று நிலைகளையும் ஒருங்கு வைத்து நோக்கினால், வளர்ச்சி முழுவதும் அறையின்மேலுள்ள பாத்தியதையைப் பற்றியதாகவே இருப்பதைக் காண்கிறோம். பழைய தரும நூல்கள் விதித்த வானப்பிரஸ்தத்தில் முதியவர் சௌகரியங்களைத் துறந்து வனம் புகுந்தார். இவர்களோ விலாசத்தை மட்டும் துறந்து, சௌகரியங்களை உடன் கொண்டு செல்கின்றனர். அதில் குற்றமொன்றுமில்லை. ஆனால் நடக்க முடியாமல், நினைவு தப்பி, படுக்கையில் விழும் நாளில் என்ன நேரும் என்னும் கேள்விக்கு, மூன்று நிலைகளுள் எதிலும் கப்பல் விடை தந்ததில்லை. மேற்பிரயாணத்துக்குத் தகுதியற்றவரென்று மருத்துவர் கருதினால் அடுத்த துறையில் இறக்கிவிடலாம் என்பது உல்லாசக் கப்பல் ஒப்பந்தங்களில் பொதுவாகக் காணும் நிபந்தனை. அந்தத் துறை எந்த நாட்டில் அமையும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

ஆகவே, கப்பலும் முதியோர் இல்லமும் ஒரே விலை என்னும் கணக்கு, ஒரே பொருளின் இரு விலைகளை ஒப்பிட்டதன்று. ஓய்வின் விலையையும் முதுமையின் விலையையும் ஒப்பிட்டதாகும். பென்ஷன் சட்டங்கள் தொடக்கத்தில் 70 வயதைக் குறித்தபோது ஓய்வும் தளர்ச்சியும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தன. ஆயுள் நீண்ட இக்காலத்தில் அவ்விரண்டுக்கும் நடுவே பதினைந்து இருபது ஆண்டுகள் விழுந்திருக்கின்றன. அந்த இடைவெளிக்குக் கப்பல் தக்க உறைவிடமே. அதற்கு அப்பால் செல்ல விரும்புவோர், அறையின் விலையையும் துறைகளின் பட்டியலையும் ஆராய்வதற்கு முன்பாக, தம்மை இறக்கிவிடும் அதிகாரம் யாருக்கு, எந்நிலையில் உண்டு என்று கூறும் ஷரத்தை ஒப்பந்தத்தில் தேடிப் படிப்பது அவசியம். எதிர்காலத்தில் எந்தக் கப்பலாவது அந்த ஷரத்தை நீக்கி, தளர்ந்தவரையும் தாங்குவதாக எழுதிக் கொடுக்குமாயின், அன்றுதான் அதை முதியோரின் வீடு என்று அழைக்கலாம். அதுவரையில் அது நெடுநாள் தங்கும் விடுதியே.