பேஸ் வாசிக்க ஆளே இல்லாத ஜாஸ் ஆல்பம்... ஒரே ஆளாக சமாளித்த ஜிம்மி ஸ்மித்! எப்படி சாத்தியமானது?

ஜாஸ் குழு என்றாலே டிரம்ஸுக்குப் பக்கத்தில் ஆள் உயர டபுள் பேஸுடன் ஒருவர் நிற்பார். ஆனால் 'பேக் அட் தி சிக்கன் ஷாக்' ஆல்பத்தின் பின் அட்டையில் மொத்தமே 4 பெயர்கள்தான். ஆர்கன் ஜிம்மி ஸ்மித், சாக்ஸபோன் ஸ்டான்லி டரன்டைன், கிட்டார் கென்னி பரெல், டிரம்ஸ் டொனால்ட் பெய்லி. பேஸுக்கு ஆளே இல்லை. ஆனா பாட்டுல பேஸ் கேட்குதே?

அதையும் வாசித்தது ஜிம்மி ஸ்மித்தான். அவரிடம் இருந்த ஹாமண்ட் பி-3 ஆர்கனில் மேலே இரண்டு வரிசை கட்டைகள், கீழே காலால் மிதிக்க 25 பெடல்கள். வலது கையில் மெட்டு, இடது கையில் பேஸ். காலாலேயே பேஸ் முழுவதையும் வாசித்தார் என்று பலர் எழுதுவார்கள். உண்மையில், வேகமான பாடல்களில் பெரும்பாலான வேலை இடது கைக்குத்தான். பெடலை லேசாகத் தட்டி அந்த ஒலிக்கு ஒரு 'தம்' கொடுப்பார், அவ்வளவுதான். மெதுவான பாடல்களில்தான் காலுக்கு முழு வேலை.

இதில் காசு விஷயமும் இருக்கிறது. சின்ன கிளப்புகளுக்கு ஒரு ஆள் சம்பளம் மிச்சம். பேஸ் வாசிப்பவருக்கோ ஒரு வேலை போச்சு!

சர்ச்சில் இருந்து கிளப்புக்கு...

லாரன்ஸ் ஹாமண்ட் 1935-ல் இந்தக் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தார். குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சர்ச்சுகள் இதை வாங்கின. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சர்ச்சுகளில் ஞாயிறுதோறும் ஒலித்த அதே சத்தம், சனிக்கிழமை ராத்திரி கிளப்பிலும் ஒலித்தால்? ப்ளூஸும் காஸ்பலும் ஜாஸுடன் கலந்த அந்த இசைக்குத்தான் 'சோல் ஜாஸ்' என்று பெயர். கட்டையை அழுத்தும்போது வரும் 'டிக்' சத்தத்தை ஹாமண்ட் நிறுவனத்தினர் குறையாகத்தான் பார்த்தார்கள். ஜாஸ் கலைஞர்களுக்கோ அதுதான் பிடித்துப்போனது.

பியானோ கலைஞராக இருந்த ஸ்மித், வைல்ட் பில் டேவிஸின் வாசிப்பைக் கேட்டுத்தான் ஆர்கனுக்கு மாறினார். 1956-ல் ப்ளூ நோட் நிறுவனத்தில் சேர்ந்தார்.

ஒரே நாளில் 2 ஆல்பம்

1960 ஏப்ரல் 25. நியூஜெர்சியில் உள்ள ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் பதிவு நடந்தது. அன்று பதிவானதில் இருந்தே 'மிட்நைட் ஸ்பெஷல்' ஆல்பமும் உருவானது. அது முதலில் வெளிவர, 'சிக்கன் ஷாக்' 1963 வரை காத்திருந்தது. அட்டையில் நாய், சேவல் சகிதம் ஸ்மித் உட்கார்ந்திருப்பார். பெயருக்கு ஏத்த படம்தான்!

மொத்தம் 4 பாடல்கள். தலைப்புப் பாடல் சுமார் 8 நிமிடம், கடைசிப் பாடலான 'மெஸ்ஸி பெஸ்ஸி' 12 நிமிடத்துக்கு மேல். அவசரமே இல்லாத ப்ளூஸ்.

செல்போன் ஸ்பீக்கரில் கேட்டால் பேஸ் சரியாகக் காதில் விழாது. ஹெட்போன் மாட்டிட்டு, மெட்டை விட்டுட்டு அடியில் ஓடும் சத்தத்தை மட்டும் பின்தொடர்ந்து பாருங்க.