ஐ ஆம் லெஜண்ட்: நாவலும் திரைவடிவங்களும்

‘ஐ ஆம் லெஜண்ட்’ அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் மேத்திசன் (1926–2013) எழுதிய அறிவியல் புனைகதை நாவல். 1954இல் கோல்ட் மெடல் பதிப்பகம் இதை மலிவு விலைப் பதிப்பாக வெளியிட்டது. ரத்தக்காட்டேரி பற்றிய பழைய நம்பிக்கைகளை நோய்க்கிருமியைக் கொண்டு விளக்க முற்பட்ட படைப்புகளில் இதுவே பெரிதும் பேசப்படுவது. 1964, 1971, 2007 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை படமாகியிருக்கிறது.

உலகின் கடைசி மனிதன் என்ற கரு மேரி ஷெல்லி 1826இல் எழுதிய நாவலிலேயே உண்டு. காட்டேரிக் கதைக்கு நிலையான வடிவம் தந்தது 1897இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’. மேத்திசன் இளவயதில் ‘டிராகுலா’ படம் பார்த்தபோது, ஒரே ஒரு காட்டேரி இத்தனை அச்சம் தருமானால் உலகம் முழுக்கக் காட்டேரிகளானால் என்ன ஆகும் என்று யோசித்ததாகவும், நாவல் அதிலிருந்து பிறந்ததாகவும் பின்னாளில் கூறியிருக்கிறார்.

கதை 1976 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கி 1979 ஜனவரியில் முடிகிறது. எழுதப்பட்ட காலத்துக்கு அது இருபதாண்டு தள்ளிய எதிர்காலம். புழுதிப் புயல்களோடும் பூச்சிகளோடும் பரவிய கொள்ளைநோயில் எல்லோரும் செத்திருக்கிறார்கள் அல்லது காட்டேரிகளாக மாறியிருக்கிறார்கள். நோய் தாக்காமல் எஞ்சியவன் ராபர்ட் நெவில். அவன் விஞ்ஞானி அல்லன், ஆலை ஒன்றில் வேலை பார்த்த சாதாரண ஆள். பகலில் ஜன்னல்களில் பலகை அடிக்கிறான், பூண்டுச் சரம் கட்டுகிறான், லேத்தில் மரமுளைகள் கடைகிறான். தூங்கும் காட்டேரிகளைத் தேடிப்போய்க் கொல்கிறான். இரவில் இசைத்தட்டை ஓடவிட்டுக் குடிக்கிறான். வாசலில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் காட்டேரிகளில் ஒருவன் பென் கார்ட்மன். முன்பு பக்கத்து வீட்டுக்காரன், வேலைக்கு ஒன்றாகப் போய்வந்த நண்பன். அவனைப் பார்க்கும்போதெல்லாம் நெவிலுக்கு நகைச்சுவை நடிகர் ஆலிவர் ஹார்டியின் நினைவு வருகிறது. இந்த ஒப்புமை எந்தப் படத்திலும் இடம்பெறாதது ஓர் இழப்புதான்.

நாவலின் நடுப்பகுதி ஒரு தனிமனிதனின் ஆராய்ச்சி. நெவில் பொது நூலகத்திலிருந்து மருத்துவ நூல்களை எடுத்துவந்து படிக்கிறான். முதலில் கிடைத்த நுண்ணோக்கி சரியில்லாமல் போக, ஆத்திரத்தில் அதை உடைத்துவிட்டு வேறொன்று கொண்டுவருகிறான். ரத்தத்தில் அவன் காண்பது ஒரு பாக்டீரியா. உடலுக்குள் காற்றில்லாமல் வாழும்வரை அது தன்னைச் சுமப்பவரை இயக்கிக்கொண்டிருக்கிறது. காற்றுப் பட்டால் அவரையே அழிக்கிறது. மரமுளை கொல்வதற்கு அது இதயத்தில் பாய்வது காரணம் அன்று. மூடாத புண்ணின் வழியே காற்றை உள்ளே விடுவதே காரணம். துப்பாக்கிக் குண்டு பட்ட துளையை உடல் உடனே அடைத்துக்கொள்வதால் குண்டு பயன்படுவதில்லை. பூண்டின் மணம் காட்டேரிகளுக்கு ஒவ்வாமை தருகிறது. சிலுவையும் கண்ணாடியும் மனத்தைத்தான் தாக்குகின்றன. யூதனான கார்ட்மன் சிலுவைக்கு அஞ்சுவதில்லை, யூத மறைநூலான தோராவுக்கு அஞ்சுகிறான். பனாமாவில் படைப்பணியில் இருந்தபோது வௌவால் கடித்ததால் தனக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கலாம் என்பது நெவிலின் ஊகம். நாவல் அதை உறுதிசெய்வதில்லை. தெருவில் திரியும் நாய் ஒன்றைப் பல நாள் உணவு வைத்துப் பழக்கி வீட்டுக்குள் கொண்டுவருவதும், ஒரு வாரத்துக்குள் அது இறந்துபோவதும் சில பக்கங்களே வருகின்றன. நாவலின் மிகச் சிறந்த பகுதி அதுதான் என்று சொல்லத் தோன்றும்.

நோயுற்றவர்கள் இரு வகை: செத்து எழுந்தவர்கள், உயிரோடு இருப்பவர்கள். நெவில் இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் இரு சாராரையும் கொன்று வந்திருக்கிறான். உயிரோடிருப்பவர்கள் மாத்திரையால் நோயைக் கட்டுப்படுத்திக்கொண்டு புதிய சமூகம் அமைக்கிறார்கள். அவர்கள் வேவு பார்க்க அனுப்பும் ரூத் என்ற பெண்ணின் கணவனும் நெவில் கையால் இறந்தவன். இறுதியில் பிடிபட்ட நெவில், தன்னைப் பார்க்கக் கூடியிருப்பவர்களின் முகங்களில் உள்ள அச்சத்தைக் காண்கிறான். மனிதர்களுக்குக் காட்டேரி எப்படியோ, தான் இவர்களுக்கு அப்படி ஆகிவிட்டதை உணர்கிறான். நாவலின் தலைப்பு இந்த உணர்வையே குறிக்கிறது.

நாவலைப் படமாக்கப் பிரிட்டனின் ஹாமர் திரைப்பட நிறுவனத்துக்காக மேத்திசனே 1950களின் பிற்பகுதியில் திரைக்கதை எழுதினார். தணிக்கை வாரியம் அதை ஏற்கவில்லை. பின்னர் அது அமெரிக்கத் தயாரிப்பாளர் ராபர்ட் லிப்பர்ட்டிடம் போய், ரோமில் எடுக்கப்பட்டு, 1964இல் ‘தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்’ என வெளிவந்தது. இயக்கியவர் யார் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை: அமெரிக்கப் பிரதிகள் சிட்னி சால்கோவையும் இத்தாலியப் பிரதிகள் உபால்டோ ரகோனாவையும் குறிப்பிடுகின்றன. திரைக்கதை மாற்றப்பட்டதில் அதிருப்தியுற்ற மேத்திசன் லோகன் ஸ்வான்சன் என்ற புனைபெயரை இட்டுக்கொண்டார். நாயகனாக நடித்த வின்சென்ட் பிரைஸ் அந்த வேடத்துக்குப் பொருந்தவில்லை என்பதும் அவர் எண்ணம். நாயகன் இங்கே மார்கன் என்ற விஞ்ஞானி. தன் ரத்தத்தைச் செலுத்தி ரூத்தைக் குணமாக்குகிறான், தேவாலயத்தில் கொல்லப்படுகிறான். சாகும்போதும் துரத்தியவர்களையே அவன் பிறழ்ந்தவர்கள் என்கிறான். ஆயினும் நிகழ்ச்சி வரிசையில் நாவலுக்கு மிக நெருங்கியது இப்படமே என்பது பலரின் மதிப்பீடு.

1971இல் போரிஸ் சாகல் இயக்கிய ‘தி ஒமேகா மேன்’ காட்டேரியையே கைவிட்டது. கிருமிப் போரில் வெளிறிப்போன, தொழில்நுட்பத்தை வெறுக்கும் ஒரு கூட்டமே இதில் எதிரி. சார்ல்டன் ஹெஸ்டனின் நெவில் ராணுவ விஞ்ஞானி. நோய்முறி மருந்தாகத் தன் ரத்தத்தை விட்டுச் சிலுவையில் அறையப்பட்டவன்போல் கைகளை விரித்தபடி இறக்கிறான்.

1990களில் ரிட்லி ஸ்காட் இயக்க, அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் நடிக்கவிருந்த புதிய படத் திட்டம் செலவு காரணமாகக் கைவிடப்பட்டது. பிரான்சிஸ் லாரன்ஸ் இயக்கி வில் ஸ்மித் நடித்த படம் 2007 டிசம்பரில் வந்தது. களம் நியூயார்க், நோய்க்குக் காரணம் புற்றுநோயைக் குணப்படுத்த மாற்றியமைக்கப்பட்ட தட்டம்மை வைரஸ். ஆளில்லாத மன்ஹாட்டன் வீதிகளும் சாம் என்ற நாயும் படத்தின் பலம். நோயுற்ற எதிரிகளைக் கணினியில் உருவாக்கியது பலவீனம். திரையரங்கில் காட்டப்பட்ட முடிவில் நெவில் மருந்தைக் காப்பாற்றத் தன்னுயிரைத் தருகிறான். முதலில் எடுக்கப்பட்ட முடிவு வேறு: எதிரிகளின் தலைவன் நெவிலால் பிடிக்கப்பட்ட தன் துணையை மீட்கவே வந்திருக்கிறான், அவளைத் திருப்பிக்கொடுக்கும்போது நெவில் அவர்கள் கண்ணில் தான் யார் என்பதைப் புரிந்துகொள்கிறான். முன்னோட்டக் காட்சிகளில் பார்வையாளர்கள் அதை ஏற்காததால் மாற்றப்பட்டதாகக் கூறப்படுகிறது. டிவிடியில் பின்னர் வெளிவந்த அந்த முடிவே, மூன்று படங்களிலும் மேத்திசனின் கருத்தை உண்மையாகத் தொட்ட இடம்.

ஜார்ஜ் ரொமேரோ தம் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) படத்துக்கு இந்நாவலே தூண்டுதல் என்று ஒப்புக்கொண்டார். அதனால் இதைக் காட்டேரிக் கதை என்பதா, ஸோம்பி கதைகளின் மூலம் என்பதா என்ற விவாதம் தொடர்கிறது. 2012இல் அமெரிக்கத் திகில் எழுத்தாளர் சங்கம் நூற்றாண்டின் சிறந்த காட்டேரி நாவலாக இதைத் தேர்ந்தெடுத்தது. 2007ஆம் ஆண்டுப் படத்துக்குத் தொடர்ச்சி வரும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது; அது கைவிடப்பட்ட முடிவிலிருந்தே தொடரும் என்று திரைக்கதையாசிரியர் அகிவா கோல்ட்ஸ்மன் தெரிவித்திருக்கிறார்.