நல்லவாடும் கடல் கடந்த வாழ்வும்

புதுச்சேரி நகருக்குத் தெற்கே, கடலூர் செல்லும் பெருவழியிலிருந்து கிழக்கே பிரிந்து சென்றால் வங்கக் கடலோரத்தில் அமைந்திருக்கும் மீனவர் சிற்றூர் நல்லவாடு. அதன் வடக்கே தொல்பொருட் சிறப்பு வாய்ந்த அரிக்கமேடு; தெற்கே ஒரு காலத்தில் ஜைனக் கல்வியின் நிலைக்களமாக விளங்கிய திருப்பாதிரிப்புலியூர்; மேற்கே பல்லவர் காலத்து வித்தியாஸ்தானத்தைச் செப்பேட்டின் வாயிலாக இன்றும் நினைவூட்டும் பாகூர். இவற்றுக்கு நடுவே அமைந்த இவ்வூரின் கதை, கடல் கடந்து சென்ற தமிழரின் நெடிய வரலாற்றில் தனி இடம் பெறத் தக்கது.

இக்கடற்கரைக்கு வெளிநாட்டுத் தொடர்பு புதிதன்று. 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில் உரோமானிய மட்கலங்களும் இருபிடிச் சாடிகளும் வெளிப்பட்டன. பண்டைக் கிரேக்க மாலுமிகளின் குறிப்பில் வரும் 'பொதுகே' என்னும் துறைமுகம் இதுவே என்பது அறிஞர் பலரின் துணிபு. 'அருகன் மேடு' என்பதே அரிக்கமேடு எனத் திரிந்தது என்று கருதுவோரும் உளர். கி.பி. 458-ஆம் ஆண்டுக்குரியதாகக் கணக்கிடப்படும் 'லோகவிபாகம்' என்னும் ஜைன நூல், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டில் பாடலிகா என்னும் ஊரில் எழுதப்பெற்றது. அவ்வூரே இன்றைய திருப்பாதிரிப்புலியூர் எனக் கொள்வர். ஜம்புத் தீவையும் அதனைச் சூழ்ந்த உவர்க்கடலையும் அடுத்தடுத்த தீவுகளையும் கடல்களையும் கூறும் உலகியல் நூல் அது. கலங்கள் அலைகடலில் சென்று வந்த கரையருகே, அறவோர் ஓலையில் கடல்களை அளந்து கொண்டிருந்தனர்.

கடல் கடந்து செல்லுதல் குறித்து ஜைன அறம் கூறுவது யாது? இல்லறத்தாருக்குரிய குணவிரதங்களுள் ஒன்று திக்விரதம். பத்துத் திசைகளிலும் தான் செல்லும் எல்லையைக் கடல், ஆறு, மலை, நாடு முதலியவற்றை அடையாளமாகக் கொண்டு ஒருவன் தானே வரையறுத்துக் கொள்வது அது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம் இதனை விரித்துரைக்கிறது. அந்நூலின் வழிவந்த தமிழ் நூலான அருங்கலச்செப்பும் எடுத்தோதுகிறது. இவ்விரதம் பயணத்துக்கு விதித்த தடையன்று. ஆசைக்கு இட்ட வேலி. எல்லைக்கு அப்பால் பொருளீட்டும் வேட்கை இல்லையெனில், அங்கு அதனால் விளையும் தீங்கும் இல்லை என்பதே அதன் உட்பொருள். ஆகவே, ஒருவன் எவ்வளவு தொலைவு சென்றான் என்பதை மட்டுமன்று, எதற்காகச் சென்றான் என்பதையும் ஜைன அறம் கேட்கிறது.

அவ்வினாவைப் புதுச்சேரியின் வரலாற்றிடம் எழுப்பினால் கிடைக்கும் முதல் விடை வறுமை. 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின்னர், அங்கிருந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் ரெயூனியன் தீவுக்கும், 1853 முதல் மர்த்தினிக்கு, குவாதலூப்பு ஆகிய தீவுகளுக்கும் கப்பலேற்றப்பட்டனர். 1861-இல் பிரெஞ்சு அரசும் ஆங்கில அரசும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின், ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளிலிருந்தும் ஆள் சேர்க்க வழி பிறந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று கையொப்பமிட்டுச் சென்றோரில் மிகப் பலர் திரும்பவே இல்லை. அவர்தம் வழித்தோன்றல்களில் பெரும்பாலோர் தமிழ் பேச மறந்தனர்; எனினும் மாரியம்மன் வழிபாட்டை மறந்திலர். மொழியை இழந்த பின்னும் ஊரின் நினைவு சடங்காக எஞ்சியிருந்தது.

இரண்டாம் விடை, உயர்வு நாடிய உள்ளம். 1873-இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்னும் வழக்கறிஞர், காலணி அணிந்து நீதிமன்றம் புகுந்தமைக்காகத் தடுக்கப்பட்டார். அவர் பாரிசின் உயர்நீதி மன்றம் வரை வழக்காடி வென்றார். 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் வெளிவந்த ஆணை, இந்தியர்கள் தம் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின்கீழ் வர இடமளித்தது. அவ்வாறு துறந்தோர் குடும்பப் பெயர் ஒன்றைச் சூடிக்கொண்டனர். பொன்னுத்தம்பியார் ஏற்ற பெயர் 'லப்போர்த்து'. அதன் பொருள் வாயில். அவ்வாயில் வழியே பலர் சைகோன் நகருக்குச் சென்றனர். 1862 முதல் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட கொச்சின்சீனாவில் எழுத்தர்களாகவும் காவலர்களாகவும் சுங்க அலுவலர்களாகவும் அவர்கள் பணியாற்றினர். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து 'சொல்தா' என ஊராரால் அழைக்கப்பட்டோரும் பலர். அவர்கள் பெற்ற ஓய்வூதியம் புதுச்சேரித் தெருக்களில் எத்தனையோ குடும்பங்களைத் தாங்கியது.

எனினும் அவ்வாழ்வில் ஒரு முரண் இருந்தது. தாமே அயலார் ஆட்சிக்குட்பட்ட மக்கள், மற்றோர் ஆட்சிக்குட்பட்ட மக்கள்மீது அதிகாரம் செலுத்தும் பணியில் அமர்ந்தனர். வியத்நாமியர் விடுதலை வேண்டி எழுந்தபோது, அவர்களில் பலருக்கு இருகரையிலும் இடமில்லாமற் போயிற்று.

1954 அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் கூடிய மக்கட் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி மாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, இம்மண்ணில் பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்களாயினர். விரும்பியோர் ஆறு திங்களுக்குள் எழுத்து வடிவில் அறிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக் கொள்ளலாம் என்றும் விதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் அவ்வாறு செய்தனர். ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரராகவும் தம்பி இந்தியராகவும் வாழ நேர்ந்த நிலை இதனால் உண்டாயிற்று. ஒரு கையொப்பம் பேரப்பிள்ளைகள் எந்நாட்டவர் என்பதை முடிவு செய்தது.

ஜைன சமூகத்தாரும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானவர் அல்லர். 1893-இல் சிகாகோ சர்வசமயப் பேரவையில் ஜைனத்தின் சார்பில் உரையாற்றிய வீர்சந்த் ராகவ்ஜி காந்தி, கடல் கடந்த குற்றத்துக்காகத் தம்மவருள் ஒரு சாராரின் எதிர்ப்புக்கு ஆளானார். துறவியர் கலமேறிச் செல்லலாகாது என்பதனால் அவர்களின் இடத்தில் சென்றவர் அவர். உணவிலும் ஒழுக்கத்திலும் விரதம் பிறழாமல், அறிவைக் கொடுப்பதற்காகவே அவர் கடல் கடந்தார். பின்னர் குஜராத்திலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் அங்கிருந்து இங்கிலாந்துக்கும் பெயர்ந்த ஜைனக் குடும்பங்கள், சென்ற இடமெல்லாம் ஜினாலயமும் பாடசாலையும் எழுப்பின.

இந்நெடிய வரலாற்றின் அண்மைய அத்தியாயத்தில்தான் நல்லவாடு இடம்பெறுகிறது. அவ்வூரின் மீனவர் குடும்பம் ஒன்றில் பிறந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் பணியாற்றி வந்தார். 2004 டிசம்பர் 26 காலையில், சுமத்ரா அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் பற்றிய செய்தியை அவர் அறிந்தார். உடனே வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் ஊருக்குள் ஏறி வருவதாக அவருடைய உடன்பிறந்தாள் கூறினார். வீட்டை விட்டு ஓடுமாறும் ஊராரை எச்சரிக்குமாறும் அவர் பணித்தார்.

எச்சரிக்கை ஊர் முழுவதும் பரவியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தின்கீழ், நல்லவாட்டிலும் ஓர் அறிவு மையம் நிறுவப்பட்டிருந்தது. கடலின் நிலையையும் அலையின் உயரத்தையும் மீனவருக்கு அறிவிக்க அங்கே ஒலிபெருக்கி இருந்தது. பூட்டியிருந்த மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஊரார் அவ்வொலிபெருக்கியில் அபாயத்தை அறிவித்தனர். மக்கள் மேற்கு நோக்கி விரைந்தனர். சுமார் 150 வீடுகளும் 200 படகுகளும் அழிந்தன. ஆயினும் ஏறத்தாழ 3,600 மக்கள் உயிர் தப்பினர். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் அன்று ஏறத்தாழ 600 உயிர்கள் மாண்டன என்பதை எண்ணினால், அந்த எச்சரிக்கையின் பெருமை விளங்கும்.

ஜைன அறநூல்கள் நால்வகைத் தானங்களைக் கூறும்: உணவு, மருந்து, சாத்திரம், அபயம். அஞ்சி நிற்கும் உயிருக்கு அச்சத்தைப் போக்கி வாழ்வளித்தலே அபயதானம். கொடுப்போரின் குலமும் தொழிலும் அதற்குத் தடையாவதில்லை. பெறுவோரின் குலமும் தொழிலும் அவ்வாறே. சிங்கப்பூரிலிருந்து வந்த அந்தச் சில சொற்கள் அபயதானம் என்றால், அச்சொற்களை ஊரறியச் செய்த அறிவு மையம் சாத்திரதானத்தின் இக்கால வடிவம். ஒன்றின்றி மற்றொன்று பயன்பட்டிராது. தொலைபேசி மட்டும் இருந்திருந்தால் ஒரு வீடு பிழைத்திருக்கும். ஒலிபெருக்கி மட்டும் இருந்திருந்தால் அறிவிப்பதற்குச் செய்தி இருந்திராது.

இன்றும் புதுச்சேரியின் சிற்றூர்களிலிருந்து பிரான்சுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் மக்கள் சென்றவண்ணம் உள்ளனர். அவர்கள் அனுப்பும் பணத்தால் மாடி வீடுகள் எழுகின்றன. அவ்வீடுகள் சிலவற்றில் முதியோர் தனித்திருக்கின்றனர் என்பதும் மறைக்கவொண்ணா உண்மை. 'அங்கிருந்து எவ்வளவு வருகிறது?' என்பதே ஊரில் கேட்கப்படும் வினாவாகிவிட்டது. நல்லவாட்டுக்கு 2004-இல் வந்தது பணமன்று, ஒரு செய்தி. தன் ஊரின் கரையைத் தொலைவிலிருந்தும் மனக்கண்ணால் நோக்கிக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து அது வந்தது.

திக்விரதம் கால்களுக்கு எல்லை வகுத்தது. கருணைக்கு எல்லை வகுக்கவில்லை. பொருளாசைக்கு வரம்பிட்டு, உயிரிரக்கத்தை வரம்பின்றி விரித்தல் பகவான் மகாவீரர் காட்டிய நெறி. அயல்நாட்டில் வாழும் மகனும் மகளும் ஊரிலுள்ளோரை நாள்தோறும் நினைப்பதும், ஊரிலுள்ளோர் அவர்தம் குரல் வந்து சேர்வதற்குரிய பொது வாயில் ஒன்றைத் திறந்து வைத்திருப்பதும் அந்நெறிக்கு உகந்த இல்லறக் கடமைகளாம்.