வைக்கோலும் யூரியாவும் ஒரு பிரெஞ்சுக்காரரும்

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். அப்போது நான் புதுச்சேரியில் யு.டி.சி. எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். கால்நடை சம்பந்தமான சில சுற்றறிக்கைகள் என் மேசை வழியாகப் போகும், அவ்வளவுதான். ஒருநாள் ஆங்கிலத்தில் வந்த ஒன்றைத் தமிழாக்கி ஸ்டென்சில் வெட்டக் கொடுக்கச் சொன்னார்கள். பள்ளிப்படிப்பு முழுக்கப் பிரெஞ்சில் முடித்தவன் நான். அந்த நாளில் என் தமிழ் கொஞ்சம் நொண்டும். ஆனாலும் அகராதியைப் புரட்டி முடித்துவிட்டேன்.

விஷயம் இதுதான். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா. அதைச் சுமார் 50, 60 லிட்டர் தண்ணீரில் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பித் தெளிக்க வேண்டும். நன்றாக மிதித்து, காற்றுப் புகாமல் பாலித்தீன் தாளால் மூடி மூன்று வாரம் வைக்க வேண்டும். பிறகு பிரித்து ஆறவிட்டு மாட்டுக்குப் போடலாம். வெறும் வைக்கோலைவிட இது நன்றாகச் செரிக்கும்.

எங்கள் தெருவில் பால் ஊற்றும் ஓர் அக்கா இருந்தார். ஒரே ஒரு கறவை மாடு. புல் இல்லாத மாதம், புண்ணாக்கு விலை ஏறிக்கிடந்த சமயம். சாயங்காலம் வாசலில் நின்று புலம்பியவரிடம், ஆபீசில் படித்த மிதப்பில் நான் சொன்னேன்: "யூரியாவைக் கரைச்சு வைக்கல்ல தெளிச்சுப் போடுங்கக்கா, மாடு நல்லாத் தின்னும்." மூடி வைக்க வேண்டும், மூன்று வாரம் ஆக வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அது முக்கியம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாம் நாள் விடியற்காலை மாடு வயிறு உப்பி, நடுங்கி, நுரை தள்ளிக் கிடந்தது. டாக்டர் வந்து காடியும் குளிர்ந்த தண்ணீரும் கலந்து ஊற்றிப் பார்த்தார். பத்து மணிக்குள் முடிந்துவிட்டது. அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தவணையாகப் பணம் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றவர், பிறகு வாங்கிக்கொண்டார்.

அந்த மூன்று வாரத்தில் வைக்கோலுக்குள் என்னதான் நடக்கிறது? ஓய்வு பெற்றபின் பழைய பிரெஞ்சுப் புத்தகங்களைத் தூசு தட்டிய நாளில்தான் இதற்கு ஒரு வழியாக விடை கிடைத்தது. அதன் ஆரம்பத்தை எங்கள் வேதியியல் முசே கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார். நான்தான் கவனிக்கவில்லை.

கதை நான்சி நகரத்தில் தொடங்குகிறது. அங்கே தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பில் இருந்தவர் ஆன்ரி பிராக்கோனோ. 1819இல் இவர் கிழிந்த லினன் துணி, மரத்தூள், வைக்கோல் ஆகியவற்றை அடர் கந்தக அமிலத்தில் கரைத்தார். பிறகு தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, சுண்ணாம்புக்கல்லால் அமிலத்தை முறித்தபோது கிடைத்தது சர்க்கரை. போட்ட கந்தலின் எடையைவிட வந்த சர்க்கரையின் எடை அதிகம்! நாரோடு தண்ணீரும் சேர்ந்தால்தான் அது சர்க்கரையாகிறது, கூடுதல் எடை அந்தத் தண்ணீருடையது. இன்று புல்லிலிருந்து எத்தனால் எடுக்கிறோம் என்கிறவர்கள் எல்லோரும் செய்வது அடிப்படையில் இந்தக் கந்தல்துணி வித்தைதான்.

அடுத்து வருபவர்தான் என் கதாநாயகர், ஆன்செல்ம் பாயென். 1795இல் பாரிசில் பிறந்தவர், தொழிற்சாலை வீட்டுப் பிள்ளை. 1833இல் பெர்சோ என்பவரோடு சேர்ந்து, முளைவிட்ட பார்லியிலிருந்து மாவை இனிப்பாக்கும் ஒரு பொருளைப் பிரித்து அதற்குத் தியாஸ்தாஸ் என்று பெயரிட்டார். இன்று நொதிகளின் பெயரெல்லாம் 'ஏஸ்' என்று முடிகிறதே, அது இந்தச் சொல்லின் வால்தான்.

1838இல் அவர் மரத்தை நைட்ரிக் அமிலத்தாலும் காரத்தாலும் மாற்றி மாற்றிக் கழுவினார். எந்த மரமானாலும் கடைசியில் எஞ்சிய வெள்ளை நார் ஒரே பொருளாகவே இருந்தது, அதன் கூட்டமைப்பும் மாவுப்பொருளுடையதைப் போலவே இருந்தது. கார்பன் சுமார் 44 சதவீதம், ஹைட்ரஜன் 6, மீதி ஆக்சிஜன். அடுத்த ஆண்டு அறிவியல் கழகத்தின் அறிக்கையில் அதற்கு 'செல்லுலோஸ்' என்ற பெயர் வந்துவிட்டது. அப்படியானால் கழுவிப் போனது எது? அதில் கார்பன் அதிகம். நாரின் மேல் படிந்து இறுகிக் கிடக்கும் பொருள் என்ற அர்த்தத்தில் பாயென் அதை 'மாத்தியேர் ஆங்க்ருஸ்தாந்த்' என்றார். நம் பக்கத்தில் தவலையின் அடியில் உப்புத்தண்ணீர் படிந்து கெட்டியாகுமே, அந்த மாதிரி. பின்னால் இதற்கு நிலைத்த பெயர் லிக்னின். அது 1813இலேயே சுவிஸ் தாவரவியலாளர் கந்தோல் வழங்கிய சொல்.

மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் இருக்கின்றன. செல்லுலோசை உடைத்து மாட்டுக்கு உணவாக்குவது அவைதான், லிக்னினை மட்டும் அவற்றால் அங்கே உடைக்க முடியாது. லிக்னின் சும்மா பக்கத்தில் இருந்தால்கூடப் பரவாயில்லை. நாரோடு ஒட்டிக்கொண்டு அதையும் தின்னவிடாமல் தடுக்கிறது. புல் முற்ற முற்ற இது கூடும். பூ விடுவதற்கு முன் அறுத்த புல்லுக்கும் முற்றிய தட்டைக்கும் உள்ள வித்தியாசம் மாடு வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். காரணத்தின் பெயர்தான் தெரியாது.

இதை அளப்பதில் ஒரு நூறாண்டு வீணாய்ப் போனது என்பேன். 1860களில் ஜெர்மனியில் கோட்டிங்கன் அருகே வீண்டே என்ற இடத்தில் ஹென்னபெர்க், ஸ்டோமான் இருவரும் தீவனத்தை முதலில் அமிலத்திலும் பிறகு காரத்திலும் கொதிக்க வைத்து, எஞ்சியதை 'கச்சா நார்' என்றார்கள். உலகமே அதைப் பின்பற்றியது. நம் தீவன மூட்டைச் சீட்டிலும் அந்த வார்த்தை இன்னும் இருக்கிறது. இடிக்கிற இடம் என்னவென்றால், புல் வகைகளின் லிக்னினில் ஒரு பகுதி காரத்தில் கரைந்துவிடும். கரைந்தது எல்லாம் 'எளிதில் செரிப்பது' என்ற கணக்கில் ஏறிவிட்டது. சில புற்களில் கச்சா நார்தான் அதிகம் செரித்தது, எளிதில் செரிக்கும் என்று எழுதியது செரிக்கவில்லை! தப்பான தலைப்பில் செலவு எழுதி, நூறு வருஷம் தணிக்கைக்குச் சிக்காமல் இருந்த கணக்கு இது.

அதைப் பிடித்தவர் அமெரிக்காவில் பெல்ட்ஸ்வில் அரசு ஆய்வுக்கூடத்தில் இருந்த பீட்டர் வான் சோஸ்ட். அறுபதுகளில் அவர் எடுத்த ஆயுதம் டிடர்ஜென்ட், அதாவது சோப்புத்தூள் வகையறா. நடுநிலைக் கரைசலில் புல்லை வேக வைத்தால் செல்லின் உள்ளே இருப்பதெல்லாம் வெளியேறிச் சுவர் மட்டும் நிற்கும். அமிலம் கலந்த டிடர்ஜென்டில் வேக வைத்தால் செல்லுலோசும் லிக்னினும் நிற்கும். அதை 72 சதவீதக் கந்தக அமிலத்தில் போட்டால் செல்லுலோசும் போய்விடும். பிராக்கோனோவின் அதே அமிலம்! அவர் கரைந்ததைப் பார்த்தார், இவர் கரையாததை எடை போட்டார்.

இதற்கிடையே இயற்கையே ஒரு சோதனை செய்து காட்டியிருந்தது. 1924இல் மின்னசோட்டாவில் ஒரு மக்காச்சோளச் செடியின் இலை நடுநரம்பு பழுப்பாக இருந்தது. வெகுநாள் கழித்து, அறுபதுகளில்தான், அந்த வகையில் லிக்னின் குறைவு என்று பர்டியூ பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். 1978இல் அங்கேயே ரசாயனம் கொடுத்து, நம்முடைய சோளத்திலும் அதே பழுப்பு நரம்பை உண்டாக்கினார்கள். மாடு விரும்பித் தின்றது, பாலும் கூடியது. ஆனால் சில வகைகள் காற்றடித்தால் சாய்ந்துவிடுகின்றன, விளைச்சலும் குறையும். செடி லிக்னினை நமக்கு எதிராகச் செய்யவில்லையே. நிமிர்ந்து நிற்பதற்காகச் செய்துகொண்டது.

எரிபொருள் புல்லில் விவகாரம் இன்னும் வேடிக்கை. ஸ்விட்ச்கிராஸ், மிஸ்காந்தஸ் போன்ற உயரப் புற்களை அப்படியே கொளுத்தி மின்சாரம் எடுப்பவனுக்கு லிக்னின் நல்லது, சூடு அதிகம் தரும். அதே புல்லை எத்தனாலாக்குபவனுக்கு அது எதிரி. தீவனக்காரன் இளசாக அறுப்பான். எரிக்கிறவன் குளிர்காலம் வரை காத்திருந்து, சத்தெல்லாம் வேருக்கு இறங்கியபின் காய்ந்த தாளை அறுப்பான்.

எத்தனால்காரர்களுக்கு உதவிய பூஞ்சை வந்த இடத்தையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போரில் தென்பசிபிக் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்கள் மக்கி உதிர்ந்தன. பூகென்வில் தீவின் ஒரு கூடாரத் துணியிலிருந்து பிரித்த பூஞ்சை, செல்லுலோசைத் தின்பதில் சூரன் என்று தெரிந்தது. முதலில் அதை எப்படிக் கொல்வது என்றுதான் யோசித்தார்கள். பிறகு அதையே வேலைக்கு அமர்த்திக்கொண்டார்கள். 1977இல் அதை ஆராய்ந்த எல்வின் ரீஸ் நினைவாக டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயர் வைத்தார்கள். மறுபடியும் கந்தல்துணியிலிருந்து சர்க்கரைதான், அமிலத்தின் இடத்தில் பூஞ்சை.

இப்போது என் மூன்று வாரத்துக்கு வருகிறேன். மூடிய வைக்கோலுக்குள் நுண்ணுயிரிகளின் நொதியால் யூரியா உடைந்து அமோனியாவாகிறது. அமோனியா ஒரு காரம். அது மெதுவாக ஊடுருவி, லிக்னினையும் நாரையும் கட்டியிருக்கும் இணைப்புகளில் சிலவற்றை அறுத்து, சுவரை உப்ப வைக்கிறது. நெல் வைக்கோலில் லிக்னினோடு மணல்சத்தான சிலிக்காவும் கெட்டியாக இருக்கும், அதனால் இதில் முழு வெற்றி கிடையாது. ஆனாலும் நார் செரிக்கும், கொஞ்சம் நைட்ரஜனும் சேரும். முதல் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மனியில் பெக்மான் என்பவர் வைக்கோலைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்ததும் இதே நோக்கத்தில்தான்.

ஊறாமல் அப்படியே தின்றால், இதே அமோனியா மாட்டின் வயிற்றுக்குள் ஒரே மூச்சில் கிளம்பி ரத்தத்தில் ஏறும். வைக்கோலுக்கு மூன்று வாரத்தில் நடக்க வேண்டியது மாட்டுக்குச் சில மணி நேரத்தில் நடந்துவிட்டது. சுற்றறிக்கையில் மூன்று வாரம் என்ற வரி இருந்தது, தமிழாக்கியவனும் நான்தான். எதற்கு மூன்று வாரம் என்று அதில் இல்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

மறு வருஷம் அக்கா இன்னொரு மாடு வாங்கினார். கோடையில் அவரே வந்து, "அந்த யூரியா வேலையை இந்த வாட்டி சரியாச் செய்வோமா தம்பி?" என்றார். எனக்கு நா எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் அவர் பையனும் தராசில் நிறுத்து, தெளித்து, மிதித்து மூடினோம். மேலே செங்கல் அடுக்கி, காலண்டரில் இருபத்தொன்றாம் நாளை வட்டமிட்டேன். அன்றைக்குப் பிரித்தபோது கண்ணெரியும் நெடி. வைக்கோல் பழுப்பு மஞ்சளாகி, தொட்டால் துவண்டது. ஒருநாள் முழுக்க ஆறவிட்டுப் போட்டோம். மாடு முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் காலையில் கூடை காலியாக இருந்தது. அக்கா கூடையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, பால் கறக்க உட்கார்ந்தார்.