பயந்தாங்கொள்ளி வாழ்க!

"மாமா... சத்தம் போடாதீங்க. பாட்டி வந்துடுவா!"

அரியலூரில் அக்கா வீடு. ராத்திரி பத்து மணி. விளக்கை அணைத்துவிட்டு, எட்டாவது படிக்கும் அக்கா மகன் போர்வைக்குள் செல்போனோடு சுருண்டு கிடந்தான். அவனுடைய பாட்டி, அதாவது என் அம்மா, சமையல்கட்டில் தோசை மாவில் உப்புப் போட்டுக் கரைத்துக்கொண்டு இருந்தாள். அவள் வந்தால் என்ன, இரண்டு திட்டு திட்டுவாள். அதற்கா இந்த நடுக்கம்?

எட்டிப் பார்த்தேன். போனுக்குள் இருந்தது வேறு பாட்டி! வெள்ளை முடி, ரத்தக்கறை படிந்த உடை, கையில் மட்டை. விளையாட்டின் பெயர் 'கிரானி'. 'டிவிலோப்பர்' என்ற பெயரில் இயங்கும் தனி மனிதர் 2017-ல் வெளியிட்ட செல்போன் கேம். பூட்டிய வீட்டுக்குள் கண் விழிக்கிறீர்கள். தப்பிக்க ஐந்து நாள் அவகாசம். கிழவிக்குக் காது படு கூர்மை. ஒரு சாமான் கீழே விழுந்தால் போதும், வந்து நிற்பாள். நீங்கள் கட்டிலுக்கு அடியிலோ, அலமாரிக்குள்ளோ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிய வேண்டும். எதிர்த்துச் சண்டை போட்டு ஜெயிக்கிற சமாசாரம் இல்லை இது.

"எதுக்குடா இருட்டுல ஆடுற?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னான். "ஸ்கூல்ல எல்லாரும் இதை முடிச்சுட்டானுங்க மாமா. நான் மட்டும்தான் பயந்துகிட்டு பாதியில வச்சுடுறேன். பயந்தாங்கொள்ளின்னே பேர் வச்சுட்டானுங்க. அதான் இருட்டுல பழகிட்டு இருக்கேன்."

போனை வாங்கி நானும் ஆடிப் பார்த்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கை தவறி ஒரு ஜாடியைத் தள்ளிவிட்டேன். கிழவி கதவைத் திறந்தாள். எனக்கு வயிற்றில் புளி கரைந்தது. போன் கையிலிருந்து நழுவி மெத்தையில் விழ, பையன் வாய்விட்டுச் சிரித்தான். "நீங்க என்னைவிட மோசம் மாமா!"

அப்போது தோன்றிய கேள்வி இது. காசு கொடுத்து சந்தோஷத்தை வாங்கலாம், சரி. பயத்தை எதற்காக மனிதர்கள் தேடிப்போய் வாங்குகிறார்கள்? அதை முதலில் கடையில் வைத்து விற்றவர் யார்?

1981-க்குப் போவோம். அந்த வருடம் இங்கிலாந்தில் 'இஸட்எக்ஸ் 81' என்ற குட்டிக் கம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. படம் கறுப்பு வெள்ளை. சத்தமா? மூச்! அதன் சொந்த ஞாபகசக்தி ஒரே ஒரு கிலோபைட். நீங்கள் படித்துக்கொண்டு இருக்கும் இந்தப் பக்கத்து எழுத்துகளைக்கூட அதற்குள் முழுசாக அடைக்க முடியாது. போதாதவர்கள் 16 கிலோபைட் பெட்டி ஒன்றைத் தனியாக வாங்கி அதன் முதுகில் செருகிக்கொள்ள வேண்டும்.

இந்த ஏழைப் பெட்டியை வைத்துக்கொண்டு மால்கம் எவன்ஸ் என்பவர் எழுதிய விளையாட்டுதான் '3டி மான்ஸ்டர் மேஸ்'. 1982-ல் கடைக்கு வந்தது. நீங்கள் ஒரு புதிர்ப்பாதைக்குள் நிற்கிறீர்கள். உள்ளே ஒரு டைரனோசாரஸ் ரெக்ஸ் டைனோசரும் இருக்கிறது. உங்கள் கையில் கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. வெளியே போகும் வழியைக் கண்டுபிடித்து ஓடுவது ஒன்றுதான் வேலை. சத்தம் கிடையாதே, அது வருவது எப்படித் தெரியும்? திரையில் ஒரு வரி வரும். அது காத்திருக்கிறது என்று முதலில் சொல்லும். பிறகு, காலடி நெருங்குகிறது என்று சொல்லும். கடைசியில், பார்த்துவிட்டது என்று சொல்லும். ஓடு!

பழைய பெட்டியைப் போலவே நடிக்கும் மென்பொருள்கள் இப்போது உண்டு. அதில் ஆடிப் பார்த்தேன். கட்டம் கட்டமாக ஒரு உருவம். கோலப்பொடி டப்பா கொட்டிய மாதிரி இருக்கும் டைனோசரைப் பார்த்து முதலில் சிரிப்புதான் வந்தது. காலடி நெருங்குகிறது என்று வரி மாறியபோது சிரிப்பு நின்றுவிட்டது. எந்த மூலையிலிருந்து வரும் என்று தெரியாமல் விரல் தானாகத் தடுமாறியது. எவன்ஸின் பெட்டியால் அதிகம் காட்ட முடியவில்லை. காட்டாமல் விட்டதை என் மனசு தானே வரைந்துகொண்டது.

பிறகு பெரிய பணம் உள்ளே வந்தது. 1992-ல் பிரான்ஸிலிருந்து 'அலோன் இன் தி டார்க்'. 1996-ல் ஜப்பானின் கேப்காம் கம்பெனி 'ரெசிடென்ட் ஈவில்' வெளியிட்டது. 'சர்வைவல் ஹாரர்', அதாவது பயத்துக்கு நடுவே உயிர் பிழைக்கும் ஆட்டம் என்ற வகைப் பெயர் பரவியது அதோடுதான். அதில் துப்பாக்கி உண்டு. தோட்டாவுக்குத்தான் பஞ்சம். ரேஷன் கடை மண்ணெண்ணெய் மாதிரி எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டும். ஆனால், வியாபாரம் பெருகப் பெருக தோட்டாவும் பெருகியது. 2005-ல் நான்காம் பாகம் வந்தபோது அது பாதி சண்டைப் படமாகி இருந்தது. கையில் இயந்திரத் துப்பாக்கியோடு நிற்பவனுக்குப் பேய் மேல் என்ன பயம்?

பயத்தை மீட்டுக்கொண்டு வந்தவர்கள் சின்ன ஆசாமிகள். ஸ்வீடனின் ஹெல்சிங்போரி நகரில் தாமஸ் கிரிப், யென்ஸ் நில்சன் இருவரும் தொடங்கிய கம்பெனி ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ். விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். 2010-ல் அவர்கள் வெளியிட்ட 'அம்னீஷியா' விளையாட்டில் ஆயுதமே கிடையாது! 1839-ல் ஒரு பாழடைந்த கோட்டை. கையில் ஒரு எண்ணெய் விளக்கு. எண்ணெய் தீர்ந்துகொண்டே இருக்கும். இருட்டில் நின்றால் கதாநாயகனுக்குப் புத்தி பேதலிக்கும். வெளிச்சத்தில் நின்றால் அரக்கன் பார்த்துவிடுவான். அரக்கனை நீங்கள் உற்றுப் பார்த்தாலும் புத்தி பேதலிக்கும். என்னதான் செய்வது? சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, அது போகட்டும் என்று காத்திருக்க வேண்டியதுதான். ஒரு கதவுக்குப் பின்னால் அப்படிக் கால்மணி நேரம் நின்றேன். அது எப்போதோ போய்விட்டிருந்தது. நான்தான் நகரவில்லை!

அமெரிக்காவில் ஸ்காட் காத்தன் என்று ஒருவர். குழந்தைகளுக்காக அவர் செய்த விளையாட்டில் வந்த மிருகங்கள், உயிர் வந்த பொம்மைகள் மாதிரி விகாரமாக இருப்பதாக விமர்சனம் வந்தது. மனுஷன் நொந்துபோனார். அப்புறம், 'விகாரம்தானே? அதையே விற்கிறேன்' என்று உட்கார்ந்தார். 2014-ல் 'ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடீஸ்' பிறந்தது. நீங்கள் ஒரு பீட்சா கடையின் இரவுக் காவலாளி. கேமராவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறீர்கள். கடையின் பொம்மைகள் ராத்திரியில் நடமாடுகின்றன. கதவை மூடினால் தப்பிக்கலாம். ஆனால், கதவை மூடவும் கரன்ட் வேண்டும். விடிவதற்குள் கரன்ட் தீர்ந்தால் கதை முடிந்தது. 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே வாழ்ந்த தமிழர்களுக்கு இந்தக் கேமில் தனிப் பயிற்சியே உண்டு!

இதையெல்லாம் படுத்தபடியே பையனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். முதல் கதையில் வந்த மிருகத்திலேயே அவன் நின்றுவிட்டான்.

"டைனோசரா? நம்ம ஊர்லகூட இருந்துச்சுன்னு சார் சொன்னாரே மாமா... அதுவா?"

அது இல்லை. டி.ரெக்ஸ் வட அமெரிக்காக்காரன். நம் மண்ணில் நடந்ததே கிடையாது. ஆனால், நம் ஊர் மிருகம் அதைவிடப் பல மடங்கு பெரிசு என்று சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் காலையில் பைக்கை எடுத்தோம். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய புழுதியில் அரியலூரே வெள்ளை வேட்டி கட்டியிருந்தது. இந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? கடலிலிருந்து! கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் பெரம்பலூர் - அரியலூர் வட்டாரம் கடலடியில் கிடந்தது. நத்தை போல் சுருண்ட அம்மோனைட்டுகள், கிளிஞ்சல்கள் எல்லாம் இங்கே கல்லாகிக் கிடக்கின்றன. 1846-லேயே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் தென்னிந்தியாவிலிருந்து போன இத்தகைய கிளிஞ்சல்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940-ல் அதை உலகுக்குச் சொன்னவர் புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன்.

கடல் பின்வாங்கிய இடத்தில் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மண் அடுக்குதான் கல்லமேடு. அங்கே கிடைத்த எலும்புகளைப் பற்றி யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1987-ல் எழுதினார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் இரண்டு மீட்டர்! பேரும் பொருத்தமாகத்தான் வைத்தார்கள். பிருஹத்காயோசாரஸ், அதாவது மாபெரும் உடம்புக்காரன். முதலில் அதை மாமிசம் தின்னும் மிருகம் என்று நினைத்தார்கள். நினைத்துப் பாருங்கள், அந்த சைஸில் ஒரு வேட்டைக்காரன்! பிறகு வந்தவர்கள், இல்லை, இது நீண்ட கழுத்தோடு இலை தழை மேயும் டைட்டனோசர் இனம் என்றார்கள். 2023-ல் வந்த ஒரு கணக்கு அதன் எடையை 110 முதல் 170 டன் வரை என்கிறது. அது சரியென்றால், நிலத்தில் நடந்த எந்த உயிரையும்விடப் பெரிசு.

"எலும்பை எங்க மாமா வச்சிருக்காங்க? போய்ப் பார்க்கலாமா?"

அங்கேதான் கதை திகிலாகிறது. எலும்பு இல்லை. ஈரமும் வெயிலும் மாறி மாறி வாட்டியதில் அவை தூள்தூளாக நொறுங்கிப்போயின. மிச்சம் இருப்பது சில அளவுகள், வரைபடங்கள், 2022-ல் வெளியான பழைய புகைப்படங்கள். அவ்வளவுதான். அதனால்தான் இன்றும் அறிஞர்கள் சண்டை போடுகிறார்கள். இருட்டில் காலடி மட்டும் கேட்கிறது. மிருகத்தைக் காணோம்!

பையன் முகம் சுருங்கிவிட்டது. "என்ன மாமா, இவ்ளோ பெரிசைத் தொலைச்சுட்டாங்களா?" என்றான். எனக்கும் அதே வருத்தம்தான். 'ஆர்க்' என்று ஒரு கேம். 2015-ல் வந்தது. வெறும் கையோடு ஒரு தீவின் கரையில் கண் விழித்து, டைனோசர்களுக்கு நடுவே பிழைக்க வேண்டும். அதில் மலை மாதிரி ஒரு டைட்டனோசர் வரும். உலகம் முழுக்கப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துப் பயப்படுகிறார்கள். அதன் பெரியப்பா எங்கள் ஊரில் இருந்தார் என்று காட்ட ஒரு எலும்பு நம்மிடம் இல்லை. 2020 அக்டோபரில் குன்னத்தில் ஏரி மண் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. வந்து பார்த்த அறிஞர்கள், முட்டை இல்லை, அம்மோனைட் சார்ந்த படிவங்கள் என்றார்கள். ஆசை அப்படி!

அத்தனை பெரிய மிருகம் எப்படிப் போனது? 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் சுமார் பத்து கிலோமீட்டர் அகல விண்கல் ஒன்று மெக்ஸிகோ பக்கம் விழுந்தது. அதே காலகட்டத்தில் நம் தக்காணம் எரிமலைக் குழம்பைக் கக்கிக்கொண்டு இருந்தது. வானம் இருண்டது. செடி கருகியது. நிலத்தில் கனத்த உடம்புக்காரர்கள் ஏறக்குறைய யாரும் மிஞ்சவில்லை. தப்பியது யார்? வளைக்குள் பதுங்கத் தெரிந்த, கிடைத்ததைத் தின்று காலம் தள்ளிய பொடியன்கள். எலி சைஸில் இருந்த பாலூட்டிகள். சின்னப் பறவைகள். அந்தப் பாலூட்டிகளின் வம்சம்தான் நீங்களும் நானும்.

"அப்போ நம்ம தாத்தா, கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சவரா மாமா?" என்றான் பையன்.

"ஆமாண்டா. எதிர்த்து நின்னு மீசையை முறுக்குனவன் வம்சம் இல்லை நாம."

சாயங்காலம் வீடு திரும்பினோம். விஷயத்தைக் கேட்ட அம்மா, "இதுக்கா இவ்ளோ தூரம் போனீங்க?" என்றபடி கரித்துண்டை எடுத்துத் திண்ணையில் கோடு கிழித்தாள். ஆடு புலி ஆட்டம்! மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டும். ஆட்டால் புலியை ஒன்றும் செய்ய முடியாது. ஒண்டி நின்று, ஒன்றுக்கொன்று முதுகு காட்டாமல், புலிக்கு நகர இடமில்லாமல் வழியை அடைப்பது ஒன்றே அதன் வித்தை. ஆயுதம் இல்லாதவன் ஜெயிக்கிற ஆட்டத்தை நம் திண்ணைகள் எப்போதோ ஆடிப் பார்த்துவிட்டன.

எனக்குப் புலி. அம்மாவுக்குப் புளியங்கொட்டை ஆடுகள். அரை மணியில் என் மூன்று புலிகளும் அசைய வழியில்லாமல் உட்கார்ந்திருந்தன.

"ஆட்டுக்குப் பயமா இருக்காதா பாட்டி?" என்று கேட்டான் பேரன்.

அம்மா கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "பயப்படாத ஆடு புலி வயித்துலதாண்டா இருக்கும்."

நான் ஊர் திரும்பி பத்து நாள் இருக்கும். போன் வந்தது. மறுமுனையில் ஒரே கத்தல்.

"மாமா! அஞ்சாவது நாள் தப்பிச்சுட்டேன்!"

"சபாஷ்! இருட்டுலயா ஆடின?"

"இல்ல மாமா. எல்லா லைட்டையும் போட்டுக்கிட்டு, பாட்டியைப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டு!"