சாணைக்கல்லின் கதை: குருந்தம் முதல் கார்போரண்டம் வரை

"சாணை பிடிக்கலையோ... சாணை!" என்று சைக்கிளில் வருபவரின் குரல் கேட்டதும் வீட்டுக்கு வீடு அரிவாள்மனையும் கத்தியும் வெளியே வரும். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி அவர் பெடலை மிதிப்பார். பெல்ட் வழியாகக் கல் சுழலும், தீப்பொறி பறக்கும். எல்லோரும் பொறியைத்தான் பார்ப்பார்கள். அந்தக் கல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் நடுவே ஒரு தமிழ்ச் சொல் இருக்கிறது.

திண்டுக்கல் போன்ற ஊரில் கூர் என்பது காசு. பூட்டுக்குள் இருக்கும் லீவர் தகடுகளை அரத்தால் ராவி ராவித்தான் இங்கே சாவிக்குப் பொருத்துவார்கள். அந்தக் கைவேலைக்காகவே திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோல் ஷாப்புகளில் ஆட்டுத்தோலில் ஒட்டிய சதையை வளைந்த கத்தியால் கையால் சீவிய காலத்தில், கத்தி வாயில் சின்னப் பிசிறு இருந்தாலே போதும், தோல் கிழிந்து விலை இறங்கிவிடும். பிரியாணிக்குக் கறி வெட்டும் கத்தியும் தினமும் தீட்டினால்தான் வேலைக்கு ஆகும்.

சரி, சாணைச் சக்கரம் வருவதற்கு முன்னால் எதில் தீட்டினார்கள்?

"தீட்டின மரத்திலேயே பதம் பார்ப்பது" என்ற பழமொழியிலேயே விடை இருக்கிறது. ஒரு மரப்பலகையின் மேல் வெங்கச்சங்கல்லைப் பொடித்துத் தூவி, அதில் அரிவாளைத் தேய்ப்பார்கள். பனையேறிகளின் பாளை அரிவாளுக்கு இதுதான் முறை. வெங்கச்சங்கல் இரும்பைவிடக் கடினமானது. அதனால் இரும்பு தேயும். ஆனால் மெதுவாகத்தான் தேயும்.

அதைவிடக் கடினமான கல் ஒன்றும் தமிழ்நாட்டு மண்ணில் கிடைத்தது. அதன் பெயர் குருந்தம். திண்டுக்கல்லிலிருந்து கரூர் வழியாக வடக்கே போய்க் காவிரியைக் கடந்தால் நாமக்கல் மாவட்டம். அங்கே சித்தம்பூண்டிப் பகுதியில் அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறைக்குள் குருந்தம் பொதிந்திருக்கிறது. (சந்திரயான்-2 திட்டத்தின் சோதனைக்காக நிலவு மண்ணைப் போல ஒரு மண்ணைத் தயாரிக்க இஸ்ரோ எடுத்ததும் இந்தப் பாறையைத்தான்!) நகைக்கடையில் விற்கும் மாணிக்கமும் நீலமும்கூட நிறம் ஏறிய குருந்தமே.

ஐரோப்பியர் இந்தக் கல்லோடு சேர்த்து அதன் பெயரையும் எடுத்துப் போனார்கள். 1798-ல் சார்லஸ் கிரெவில் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்று அது நிலைத்தது. 1812-ல் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவில் வெங்கச்சங்கல்லுக்கு 7, குருந்தத்துக்கு 9. அதற்கு மேல் 10-ல் வைரம் ஒன்றுதான்.

நம் ஊர்களில் குருந்தப் பொடியை உருக்கிய அரக்கோடு கலந்து சக்கரமாக வார்த்தார்கள். ஒருவர் வாரைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துச் சக்கரத்தைச் சுழற்றுவார். இன்னொருவர் கத்தியைப் பிடிப்பார். இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அரக்கு சுமார் 75 டிகிரியிலேயே இளகிவிடும். எனவே சக்கரத்தைச் சூடேறும்படி ஓட்ட முடியாது. கத்தியின் பதமும் கெடாது.

அடுத்த மாற்றம் அமெரிக்காவில் நடந்தது. 1891-ல் எட்வர்ட் அச்சிசன், செயற்கை வைரம் செய்யும் முயற்சியில் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் கடுமையாகச் சூடாக்கினார். வைரம் வரவில்லை, சிலிக்கன் கார்பைடு வந்தது. அதைக் கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று நினைத்து, 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். நினைத்தது தவறுதான், ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. 1954-ல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் 'கார்போரண்டம் யுனிவர்சல்' நிறுவனத்தைத் தொடங்கியது. கச்சாப் பொருளின் பெயராகக் கப்பல் ஏறிய தமிழ்ச் சொல், கம்பெனியின் பெயராகத் திரும்பி வந்துவிட்டது.

புதிய கல் வேகமானது. சூட்டுக்கும் இளகாது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. கல் தாங்கும் சூட்டைக் கத்தி தாங்காது. வாயில் நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. முன்பு அரக்கே கட்டுப்படுத்திய வேகத்தை இப்போது தீட்டுபவரின் கைதான் கட்டுப்படுத்த வேண்டும். தெரிந்தவர்கள் லேசாக அழுத்துவார்கள். அடிக்கடி தண்ணீரில் நனைப்பார்கள்.

வீட்டில் தட்டைக் கல்லில் தீட்டுபவருக்கும் கைதான் முக்கியம். செங்குத்தில் பாதி 45 டிகிரி, அதில் பாதி 22½. சமையல் கத்தியை அதைவிடச் சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். எலும்பு வெட்டும் கத்திக்குச் சாய்வைக் குறைத்துக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடிக்கலாம். சாய்வு நடுவில் மாறக் கூடாது. ஒரு பக்கம் தேய்ந்ததும் மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும். கத்தியின் முதுகிலிருந்து வாயை நோக்கி விரலை மெதுவாக வருடினால் அது தட்டுப்படும். (வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டவே கூடாது!) பிசிறு வாய் முழுக்க எழுந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். கடைசியில் நயமான கல்லிலோ தோல் வாரிலோ இழுத்து அதை நீக்கிவிட வேண்டும்.

வெங்கச்சங்கல், குருந்தம், கார்போரண்டம் என்று கல் இரண்டு முறை மாறிவிட்டது. சாய்வு மாறாமல் பிடிக்கும் கைக்கு மட்டும் இன்னும் மாற்று வரவில்லை. அடுத்த முறை சாணைக்காரர் கூலி கேட்கும்போது பேரம் பேசுவதற்கு முன் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.