கரும்பாலை ஊரும் பச்சை யானைகளும்: சான் பெத்ரோ தெ மக்கோரிஸின் பேஸ்பால் பற்று

டொமினிக்கன் குடியரசின் தென்கிழக்குக் கடற்கரையில் உள்ள துறைமுக நகரம் சான் பெத்ரோ தெ மக்கோரிஸ். அந்நகரின் எஸ்த்ரேயாஸ் ஓரியெந்தாலெஸ் பேஸ்பால் அணி 1968இல் வாகை சூடியது. அடுத்த கோப்பை 2019இல்தான் வந்தது. யானையைச் சின்னமாகவும் பச்சையை நிறமாகவும் கொண்ட இந்த அணியை இடைப்பட்ட 51 ஆண்டுகளிலும் ரசிகர்கள் கைவிடவில்லை. வெற்றிகளால் வளராத இந்தப் பற்றுக்குக் கரும்பாலை உழைப்பின் வரலாறும் குளிர்கால லீக்கின் அமைப்புமே காரணம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

ஆலைகளும் ஆட்டமும்

1868இல் கியூபாவில் மூண்ட பத்தாண்டுப் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் சர்க்கரைத் தொழிலின் நுட்பங்களோடு பேஸ்பாலையும் கொண்டுவந்தனர். ஆஞ்செலினா, பொர்வெனீர், கொன்சுவேலோ என ஆலைகள் பெருகின. வேலைக்கு ஆள் போதாமல் செயின்ட் கிட்ஸ், நெவிஸ், ஆன்டிகுவா முதலிய ஆங்கிலம் பேசும் தீவுகளிலிருந்து தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டனர். உள்ளூர் மக்கள் ‘கொக்கோலோ’ என்று அழைத்த இவர்கள் ஆடியது கிரிக்கெட். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பேஸ்பாலுக்கு மாறினர். கிரிக்கெட்டில் பழகிய கட்டுக்கோப்பு புதிய ஆட்டத்துக்கு உரமானதை ராப் ரக் போன்ற வரலாற்றாசிரியர்கள் விளக்கியுள்ளனர். ஆலைக் குடியிருப்புகளில் சிறுவர்கள் பால் அட்டைப்பெட்டியை மடித்துக் கையுறையாக மாட்டிக்கொண்டு ஆடினர். கொன்சுவேலோவில் பிறந்த ரிக்கோ கார்ட்டி, 1970இல் .366 சராசரியுடன் அமெரிக்காவின் நேஷனல் லீக்கில் மட்டையடிப்பில் முதலிடம் பெற்றார்.

கோடையிலிருந்து குளிர்காலத்துக்கு

1910ஆம் ஆண்டைத் தன் பிறப்பாண்டாகக் கொள்ளும் எஸ்த்ரேயாஸ், 1936இல் முதல் கோப்பையை வென்றது. அப்போது தலைநகர் சர்வாதிகாரி துருஹியோவின் பெயரைத் தாங்கியிருந்தது. அங்குள்ள லிசே, எஸ்கொஹீதோ அணிகள் 1937இல் ஒரே அணியாக இணைக்கப்பட்டன. சாட்செல் பெய்ஜ், ஜோஷ் கிப்சன் போன்ற கறுப்பின நட்சத்திரங்கள் அமெரிக்காவிலிருந்து பெரும்பணம் கொடுத்து அழைத்துவரப்பட்டனர். தலைநகர் வென்றது. ஆனால் அந்தச் செலவைத் தாங்க முடியாமல் தொழில்முறை லீக் 1951 வரை முடங்கிக் கிடந்தது.

லீக் மீண்டபோது கோடையில்தான் ஆட்டங்கள் நடந்தன. 1953இல் எஸ்த்ரேயாஸ் வீரர் தெத்தெலோ வர்காஸ் 47 வயதில் .355 சராசரியுடன் மட்டையடிப்பில் முதலிடம் பெற்றார். 1959இல் திறக்கப்பட்ட நகர அரங்கம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1954இல் எஸ்த்ரேயாஸ் இரண்டாம் கோப்பையை வென்றது.

1955இல் லீக் குளிர்காலத்துக்கு மாறியது இந்த வரலாற்றின் திருப்புமுனை. அமெரிக்க லீக்குகள் கோடையில் நடப்பதால், அங்கே ஆடப்போனவர்கள் குளிர்காலத்தில் சொந்த மண்ணில் ஆட வழி பிறந்தது. 1962இல் அமாதோ சாமுவேல் இந்நகரிலிருந்து அமெரிக்காவின் மேஜர் லீக்கை எட்டிய முதல் வீரரானார். பின்னர் பலர் அவ்வழியே சென்றனர். அல்ஃப்ரெதோ கிரிஃபின், ராபின்சன் கனோ போன்ற ஊர்ப் பிள்ளைகள் பச்சைச் சீருடையில் களமிறங்கியதை நகரம் நேரில் பார்த்தது. கோப்பை வராத ஆண்டுகளிலும் அரங்குக்குப் போக ரசிகர்களுக்கு இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்?

2019

அந்த ஆண்டு ஜனவரியில், பக்கத்து நகரமான லா ரொமானாவின் தோரோஸ் தெல் எஸ்தே அணியை வீழ்த்தி எஸ்த்ரேயாஸ் கோப்பையை வென்றது. அணியின் மேலாளர் ஃபெர்னாண்டோ தத்தீஸ், 1999இல் மேஜர் லீக்கில் ஒரே இன்னிங்ஸில் இரண்டு கிராண்ட் ஸ்லாம் அடித்தவர். அவருடைய மகன், இளைய தத்தீஸ், அதே அணியின் ஷார்ட்ஸ்டாப். இருவரும் இந்நகரில் பிறந்தவர்கள்.

முடிவுரை

1999இல் அரசு ஆலைகள் தனியாருக்குக் குத்தகைக்கு விடப்பட்டன; அக்காலத்தில் பல ஆலைகள் மூடப்பட்டன. நகரத்தை உருவாக்கிய தொழில் நலிந்தும் அதன் அணி நிலைத்திருக்கிறது. எஸ்த்ரேயாஸ் இதுவரை வென்றவை நான்கு கோப்பைகளே. கோப்பைக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இந்த அணி சிறியதாகவே தெரியும். ஆலைத் தொழிலாளரின் குடிபெயர்வு வரலாற்றோடு சேர்த்து எழுதும்போதுதான், கரீபிய விளையாட்டு வரலாற்றில் அதற்கும் அதன் ரசிகர்களுக்கும் உரிய இடம் கிடைக்கும்.